மரவள்ளிக் கொல்லையிலிருந்து வந்த இங்கிலீஷ்

அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. சங்கராபுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் உதவியாளராகப் பத்து வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உதவியாளர் என்பதெல்லாம் காகிதத்தில்தான். ஊருக்கு நான் ஆயா. எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. தலையில் ஒரு நரைகூட இல்லாமல், வேலைக்குச் சேர்ந்த அன்றே ஊருக்குப் பாட்டியாகிவிட்டேன். என்னைவிட மூத்தவர்களும் "இன்னா ஆயா, இன்னைக்கு முட்டை உண்டா?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள். நானும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். உள்ளுக்குள் குத்தும்.

எனக்கு டீச்சர் ஆக வேண்டும். எங்கள் மையத்து டீச்சர் அடுத்த வருடம் ஓய்வு பெற இருந்தார். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் அந்த இடத்துக்கு நான் விண்ணப்பிக்கலாம். பத்தாவதில் தோற்று, கையோடு கல்யாணமாகி வந்தவள் நான். தனித்தேர்வராக ஒவ்வொரு பாடமாக எழுதித் தேறிவிட்டேன், இங்கிலீஷைத் தவிர. அதில் மூன்று முறை தோற்றாயிற்று. அந்த மார்ச்சில் எழுதுவதுதான் கடைசி. அதையும் கோட்டைவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார்கள். அடுத்த இடம் காலியாகும்போது எனக்கு வயது தாண்டியிருக்கும்.

நான் படித்த விதத்தையும் சொல்ல வேண்டும். மனப்பாடம், மனப்பாடம், மனப்பாடம். என் கணவரின் உறவுக்காரப் பெண் தந்த பழைய கைடு ஒன்று இருந்தது. பருப்பு வேகும்போது ஒரு கட்டுரை, பிள்ளைகள் தூங்கும்போது ஒரு கட்டுரை என்று உருப்போட்டேன். நடுவில் ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுத்தால் அங்கிருந்து கடகடவென்று ஓடுவேன். ஒரு வரிக்கும் அர்த்தம் கேட்டுவிடக்கூடாது, அவ்வளவுதான்.

தேர்வுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பள்ளிக்கூடப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷ் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். பத்தாவதுதான். எட்டிப் பார்த்தேன். ஒரு பாடமும் தெரிந்த பாடமாக இல்லை. "இது எந்த ஊர் புக்கும்மா?" என்று அசடுபோலக் கேட்டேன். அவள்தான் சொன்னாள், பாடத்திட்டம் மாறிவிட்டது, தனித்தேர்வர்களும் இனிமேல் புதுப் புத்தகத்திலிருந்துதான் எழுத வேண்டும் என்று. நான் ஒரு வருடமாக உருப்போட்டது அத்தனையும் செல்லாத புத்தகம்!

மறுநாள் பிள்ளைகளைச் சாப்பிட வைத்துத் தூங்கப் போட்டுவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கத்திலிருந்து மரவள்ளிக் கிழங்கு பிடுங்க வந்திருந்த ஆட்களில் ஒருத்தி. அறுவடை முடியும்வரை எங்கள் ஊரில்தான் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். அவளுடைய மூன்று வயது மகளை எங்கள் மையத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து மகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவாள். தூங்குகிற பிள்ளைகளை எழுப்பிவிடுகிறாள் என்று அதற்காக அவளை இரண்டு முறை கடிந்தும் இருக்கிறேன்.

"இன்னா யக்கா, அழுதுக்கினு கீற?" என்றாள். ஊரே ஆயா என்று கூப்பிடும்போது இவள் மட்டும் என்னை அக்கா என்பாள். அதனால்தானோ என்னவோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கைடு போனாலும் படம் பார்த்து எழுதுவது, பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது, கடிதம், இலக்கணம் என்று புத்தகம் இல்லாமலே எழுதக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. ஆனால் அதற்கு இங்கிலீஷ் புரிய வேண்டுமே, எனக்கு ஒரு வரிகூடச் சொந்தமாக எழுத வராதே என்றேன்.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "எனக்கு மூணு பாஷை வரும் யக்கா. உக்காந்து பாப்பமா?"

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது."

"எவ்ளோ படிச்சிருக்க?"

"அஞ்சாவது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகைக்கு நடுவிலும். நல்ல சிரிப்பு இல்லை அது. பத்தாவது வரை போனவளுக்கு அஞ்சாவது படித்தவள் பாடம் எடுக்கப் போகிறாளா என்ற இளக்காரச் சிரிப்பு. அவள் அதைக் கண்டும் காணாததுபோல இருந்துவிட்டாள். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவளுடைய கதையைச் சொன்னாள். மலையில் வேலை இல்லாத மாதங்களில் அவர்கள் குடும்பத்தோடு கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கும் கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும் போவார்களாம். முதல் தடவை போகும்போது கூடை, கத்தி, ஏணி, சாக்கு என்று எல்லாவற்றுக்கும் கன்னடத்தில் பெயர் கேட்டுப் படித்து வைத்திருக்கிறாள். வேலையில் இறங்கினால் மேஸ்திரி கத்துகிறார், இவள் மரம்போல நிற்கிறாள். ஏணி என்று அவர் சொல்வது புரிகிறது. ஏணியை எடுக்கவா, வைக்கவா, ஏறவா, இறங்கவா? அது புரியவில்லை.

"பேர கையால காட்டிடலாம் யக்கா. ஏணி அதோ நிக்கிது. பண்றத எப்டி காட்டுவ? அதான் அப்பறமேட்டு எந்த ஊருக்குப் போனாலும் மொதல்ல வா, போ, எடு, வை, குடு, நில்லு, அத்த கத்துக்குவன். பேரு தானா வரும்" என்றாள்.

என் கைடில் பெயர்ச்சொல், வினைச்சொல் என்று பக்கம் பக்கமாகப் பட்டியல் இருந்தது. அத்தனையும் எனக்கு மனப்பாடம். எது எதற்கு என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று தொடங்கியது. அந்தப் பள்ளிக்கூடப் பெண்ணை மறுபடி பஸ் ஸ்டாண்டில் தேடிப் பிடித்து, இலக்கணப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். தினமும் மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் அந்த அரைமணி நேரம். அவள் கொண்டுவந்த களியைத் தின்றுகொண்டே கேட்பாள். நான் இங்கிலீஷ் வரியை மெதுவாகப் படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் தெரிந்த தமிழைச் சொல்வேன். அவள் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி. "இதுல வேலை செய்யறது யாரு? இன்னா பண்றா?"

மூன்றாவது நாள் பத்து வரிகளை வரிசையாகப் படிக்கச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவள் திடீரென்று கைதட்டினாள். ஒரு குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அன்றைக்கு நான் கடியவில்லை.

"இங்கிலீஷ்காரன் அவசரக்காரன் யக்கா. யாருன்னு சொன்ன கையோட இன்னா பண்ணான்னு சொல்லிப்புடறான். மீதியெல்லாம் அப்பறம். நம்மாளுங்க அப்டி இல்ல, சந்தைக்குப் போயி, கத்திரிக்கா வாங்கி, வூட்டுக்கு எடுத்தாந்துன்னு கடேசி வரைக்கும் இஸ்துக்கினு போவோம். கன்னடக்காரனும் அப்டித்தான், மலையாளத்தானும் அப்டித்தான்."

பள்ளிக்கூட நாளிலிருந்தே இங்கிலீஷ் வரிகளை நான் தமிழ் வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பில் ஒவ்வொரு முறையும் தப்பு தப்பு என்று சுழித்துக் கொடுத்தார்களே ஒழிய, எங்கே தப்பு என்று எனக்கு விளங்கியதே இல்லை.

இன்னொரு நாள் சொல்லின் வாலைப் பிடித்தாள். நாம் வூட்டுக்கு என்கிறோம், கன்னடத்தில் மனெகெ என்கிறார்கள், இரண்டிலும் 'கு', 'கெ' என்ற வால் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கிலீஷில் எங்கே என்று தேடச் சொன்னாள். 'டு த ஹவுஸ்' என்று படித்தேன். "பாத்தியா, வாலு முன்னாடி வந்துட்டுது" என்று சிரித்தாள். நடுவில் இருக்கும் 'த' என்ன வேலை செய்கிறது என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "அப்ப அது மேஸ்திரி. வேலை ஒன்னும் செய்யாது, எல்லார் கூடவும் நிக்கும்" என்றாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அவள் தயங்கியதில்லை. அப்படிப்பட்ட இடங்களை நான் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டு வந்து மறுநாள் அவளுக்குச் சொல்வேன். அவள் அதைக் கன்னடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஆமாம் என்பாள், அல்லது அங்கே அப்படி இல்லையே என்பாள்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் புதிதாக ஒரு சிக்கல். தேர்வன்று இருபத்திரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு நான் ஒருத்தியே சமைக்க முடியாது, சமைக்க யாரையாவது விட்டுவிட்டுப் போ என்றார் டீச்சர். அவர் கேட்டது நியாயம்தான். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். அறுவடை நேரம், ஒருத்தரும் வரவில்லை. என் கணவரும் கரும்பு வெட்டப் போயிருந்தார்.

"நான் ஆக்கி வைக்கறன். நீ போய் எழுது" என்றாள் அவள்.

எனக்குத் திக்கென்றது. தேர்வன்று காலையில்தான் மலை ஆட்கள் எல்லோரும் லாரியில் ஊர் திரும்புகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வேலை முடிந்துவிட்டது. வீட்டைப் பார்த்து இரண்டு மாதமாகிறது அவளுக்கு. "லாரி போயிடுமே" என்றேன்.

"போவட்டும். பஸ்ஸு இல்லியா?"

ஊரில் ஓரிருவர் மலைக்காரி ஆக்குவதா என்று முணுமுணுத்தார்கள். எங்கள் டீச்சர் ஒரே போடாகப் போட்டார். "வேற யாராச்சும் வர்றீங்களா? வர்லன்னா பேசாம இருங்க." அதோடு வாய் அடங்கிவிட்டது.

தேர்வன்று விடிந்ததும் லாரி கிளம்பியது. சாமான்களும் சனங்களுமாக அது தெருமுனையில் திரும்பி மறையும்வரை, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கன்வாடி வாசலில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிசி களைய உட்கார்ந்தாள். நான் கள்ளக்குறிச்சி பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் கண்ணில் நீர். இந்தமுறை தோற்றால் தோற்றது நான் மட்டுமாக இருக்காது.

வினாத்தாளைப் பிரித்தேன். முதல் இரண்டு பக்கங்களும் புதுப் புத்தகத்துக் கேள்விகள். ஒன்றும் தெரியவில்லை. பேனா கைதவறிக் கீழே விழுந்து உருண்டது. எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது பக்கம் புரண்டு படக் கேள்வி கண்ணில் பட்டது. ஒரு பெண் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், பக்கத்தில் ஒரு நாய், மரத்தடியில் ஒரு கிழவர். இதுல வேலை செய்யறது யாரு? இன்னா பண்றா? அவள் குரலிலேயே கேட்டது. பெண். ஊற்றுகிறாள். எழுதினேன். கிழவர். உட்கார்ந்திருக்கிறார். எழுதினேன். என் வாழ்க்கையில் அர்த்தம் புரிந்து நானாக எழுதிய முதல் இங்கிலீஷ் வரிகள் அவை. அப்புறம் பத்தி, கடிதம், இலக்கணம் என்று மணி அடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

ஓட்டமாக ஊர் திரும்பினேன். அடுப்படி மெழுகியிருந்தது. பாத்திரங்கள் தேய்த்துக் கவிழ்த்திருந்தன. அவள் இல்லை. மத்தியான பஸ்ஸைத் தவறவிட்டால் மலைக்கு மாற்று பஸ் கிடைக்காது என்று கிளம்பிவிட்டாளாம். "எழுதிட்டாளான்னு கேட்டு வைக்கச் சொன்னா" என்றார் டீச்சர்.

தேறிவிட்டேன். பெரிய மார்க் ஒன்றும் இல்லை, நாற்பத்தொன்று. சான்றிதழ் கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கரியாலூர் பஸ் ஏறினேன். விசாரித்து விசாரித்து அவள் ஊரைக் கண்டுபிடித்துப் போனபோது, மழை பெய்து நனைந்த கொல்லையில் சாமை விதைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த விதையை மடியில் கொட்டிக்கொண்டு ஓடி வந்தாள். சான்றிதழை நீட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, நாற்பத்தொன்று என்ற எண்ணின்மேல் விரல் வைத்தாள்.

"நெஜமாச் சொல்றன் யக்கா, எனக்குப் பயமா இருந்திச்சி. நான் சொன்னது சரியா தப்பான்னு எனக்கே தெரியாது. தோட்டத்துல கண்டத வச்சித்தான் சொன்னன். தப்பா சொல்லி உன்னக் கெடுத்துட்டனோன்னு இருந்திச்சி. இப்பத்தான் நிம்மதி."

இரண்டு மாதமாக நான் மட்டும்தான் முடிவுக்காகத் துடித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். மலைமேல் இன்னொருத்தியும் துடித்திருக்கிறாள். அவள் தோளில் சாய்ந்து அழுதேன். அவள் மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "முட்டை எங்க?" என்று கேட்டாள். அழுகை சிரிப்பாகிவிட்டது.

அடுத்த வருடம் அதே மையத்தில் நான் டீச்சரானேன். இப்போது ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தச் சான்றிதழ் இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. எப்போதாவது எடுத்துப் பார்க்கும்போது அவள் கேட்ட கேள்வி தானாக வாயில் வரும்: இதுல வேலை செய்யறது யாரு? சான்றிதழ் ஒரு பெயரைத்தான் சொல்கிறது. ஆனால் லாரியை அனுப்பிவிட்டு எனக்காக அரிசி களைய உட்கார்ந்தவளின் பெயரையும் பக்கத்தில் சேர்த்துத்தான் நான் அதைப் படிக்கிறேன்.