ஹாஜியார் வீட்டுத் துவக்கின் இரண்டு குறிகள்

மகாவலியில் குளிக்க இறங்கும் யானையின் காதோரத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் உண்டு என்பதை ஒரு விளையாட்டுத் துவக்கின், அதாவது பொம்மைத் துப்பாக்கியின், வழியாகத்தான் நான் தெரிந்துகொண்டேன். அதற்கு முன் பல ஆண்டுகள் அதே ஆற்றைப் பார்த்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து கண்டிக் கச்சேரிக்கு அரசாங்க உத்தியோகத்துக்குப் போய் வந்திருக்கிறேன். யானை என்றால் சாம்பல் நிறம் என்ற முடிவுடனேயே போய் வந்திருக்கிறேன்.

துவக்கு என்னுடையதல்ல. மடவளைப் பாதையில் எங்கள் வேலிக்கு அப்பால் குடியிருந்த ஹாஜியாருடையது. அவருக்குக் கட்டுகஸ்தோட்டையில் புடவைக்கடை. மூத்த மகன் ஜப்பானிலிருந்து பழைய வாகனங்களை வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தான். ஒரு முறை வந்த வேனின் பின்பக்கத்தில், உதிரிப் பாகங்களுக்கு நடுவே, அந்தத் துவக்கும் வந்தது. நிஜத்தின் அளவு, நிஜத்தின் கறுப்பு. ஆனால் சுடுவது மிளகைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை பிளாஸ்டிக் மணியை. ஒவ்வொரு முறையும் பிடியை இழுத்து உள்ளேயிருக்கும் சுருள்வில்லை இறுக்கவேண்டும். ஜப்பானில் பெரிய உத்தியோகத்தர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் படையினரைப்போல உடுத்திக்கொண்டு காட்டுக்குள் ஒருவரை ஒருவர் இதனால் சுட்டு விளையாடுகிறார்களாம். சண்டை இல்லாத நாட்டில் அதையும் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டியிருக்கிறது போலும்.

ஹாஜியாருக்குச் சண்டை குரங்குகளோடு. அவர் வீட்டுக் கூரை ஓடுகளை அவை காலை மாலை கழற்றிப் பார்த்தன. மணி பட்டால் குரங்குக்கு நோவதில்லை. கொஞ்சம் அவமானப்படும், அவ்வளவுதான்.

அஸர் தொழுகை முடிந்து அவர் விறாந்தைக்கு வரும் நேரமும் நான் கச்சேரியிலிருந்து வந்து சேரும் நேரமும் ஒன்றாக இருந்தன. இரண்டு கதிரைகள், இஞ்சி போட்ட பிளேன்டீ, மடியில் துவக்கு. துவக்கின் மேல் உயரமான பிடியொன்றில் தொலைநோக்கி பூட்டப்பட்டிருந்தது. அந்தப் பிடியின் கீழாகக் குனிந்து பார்த்தால் இன்னொரு குறி தெரியும்: முன்னால் ஒரு முள், பின்னால் ஒரு பிளவு. தொலைநோக்கி பழுதானால் அதைக்கொண்டு சுடலாம் என்பது செய்தவர்களின் ஏற்பாடு. அந்த ஏற்பாடு தேவையா இல்லையா என்பதில்தான் எங்கள் மாலைகள் கழிந்தன.

"பனி வந்தா இந்தக் கண்ணாடி குருடு. முள்ளுக்குப் பனி ஈக்கிதா ஐயா?" என்பார் ஹாஜியார்.

"பனி மூடினால் குரங்கும்தான் தெரியாது. பிறகு முள்ளை வைத்து எதைக் குறி பாக்கிறது?"

"கிட்ட வாற குரங்கு? மதில்ல குந்தினா இந்தக் குழாயில வெறும் மயிர்தான் தெரியுது. தலையா வாலா செல்லுங்க பாப்பம்."

"கிட்ட வந்ததுக்குக் கல்லெறியுங்கோ ஹாஜியார். துவக்கு எதுக்கு?"

"கச்சேரியில நீங்க ஒரு கடுதாசிக்கு மூணு கொப்பி எடுப்பீங்க. என்ட துவக்குக்கு ரெண்டு குறி ஈந்தா மட்டும் கூடாதோ?"

நான் தொலைநோக்கியின் பக்கம் நின்றதற்குக் காரணம் குரங்குகள் அல்ல. அதன் வட்டத்துக்குள் ஆறு மெதுவாக நகரும். அக்கரையின் மூங்கில்கள் ஓசையில்லாமல் அசையும். பாகன் வாய் திறந்து ஏதோ சொல்வான், கேட்காது. யானை தண்ணீருக்குள் சாய்ந்து படுத்து, நாட்டில் எதுவுமே நடக்கவில்லை என்பதுபோலக் கண்ணை மூடும். கண்ணாடியின் ஓரத்தில் தலைமயிர்போல ஒரு கீறல் இருந்தது. எதைப் பார்த்தாலும் அதன் இடது மூலையில் அந்தக் கீறலும் கூட வரும். பழகியபின் அது ஆற்றுக்குச் சொந்தமான ஒன்றாகவே ஆகிவிட்டது.

என் மனைவிக்கு இந்த மயக்கம் எதுவும் இல்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடு எரிந்தபோது கையில் கிடைத்த ஒரு பையோடு வெளியே வந்தவள். அடுப்படியில் நின்று குசினி யன்னலால் பார்த்தால் ஹாஜியாரின் மடியில் துவக்கு கிடப்பது அவளுக்குத் தெரியும்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரே? ஆமி வந்தால் அந்த மனுசனைக் கொண்டு போயிடுவாங்கள். பக்கத்திலை இருந்து தேத்தண்ணி குடிச்ச தமிழனையும் விடாங்கள்."

"அது விளையாட்டுச் சாமான்."

"அவங்களுக்கு ஆர் சொல்லுறது? நீங்களே?"

சட்டப்படி அது எதுவும் அல்ல என்பது எனக்குத் தெரியும். சுடுகலன் அல்ல, வெடிபொருள் அல்ல, அனுமதிப்பத்திரம் தேவைப்படும் எதுவும் அல்ல. முப்பது வருட உத்தியோகத்தில் நான் கண்டது என்னவென்றால், எந்த வகையிலும் சேராத பொருளுக்கு அரசாங்கத்தில் ஒரே ஒரு வகைதான் உண்டு: சந்தேகம். ஆகவே ஹாஜியாருக்கு முறைப்படி ஓர் ஆலோசனை சொன்னேன். மறைத்து வைத்தால் ஆயுதம். எல்லோரும் பார்க்க மாட்டி வைத்தால் அலங்காரம். அவர் அன்றே அதை மண்டபச் சுவரில், மக்காப் படத்துக்கு எதிரே, ஆணியில் மாட்டினார்.

கண்டியில் குண்டு வெடித்த பிறகு இராணுவச் சுற்றிவளைப்புகள் அடிக்கடி வந்தன. ஒரு விடியலில், ஆற்றிலிருந்து எழுந்த பனி முற்றத்தை விட்டுப் போகாத வேளையில், எங்கள் பாதைக்கும் வந்தார்கள். எங்கள் வீட்டில் அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டு வேலிக்கு அப்பால் போனார்கள். சற்று நேரத்தில் ஒரு சிப்பாய் திரும்பி வந்து, சிங்களம் பேசும் கச்சேரி மாத்தயாவை, அதாவது என்னை, சார்ஜன்ட் வரச்சொன்னதாகச் சொன்னான். மனைவி என் கையைப் பிடித்தாள், பிறகு விட்டாள்.

மண்டபத்தில் ஹாஜியார் சாரமும் பனியனுமாக நின்றார். சார்ஜன்ட் துவக்கைக் கையில் வைத்திருந்தார். என் வயதில் பாதிதான் இருக்கும், ஆனால் கண்கள் என்னைவிடக் களைத்திருந்தன. வாசலில் ஜீப் ஒன்று பின்கதவு திறந்தபடி நின்றது. அது யாருக்கென்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"விளையாட்டுச் சாமான் என்கிறார் முதலாளி," என்றார் சார்ஜன்ட் சிங்களத்தில். "விளையாட்டுக்கு எதற்கு இரண்டு குறி? ஒன்று போனால் மற்றது. இது சண்டைக்குப் போகிறவன் யோசிக்கிற யோசனை."

மாதக்கணக்காக அந்த முள்ளுக்காக வாதாடிய ஹாஜியார் என்னைப் பார்த்தார். "முள்ளு சும்மா என்று செல்லுங்க ஐயா. ஒண்டுக்கும் உதவாது என்று செல்லுங்க."

சொன்னேன். அழகுக்கு வைத்தது என்றேன். சட்டத்தின் பிரிவுகளையும் சொன்னேன். சார்ஜன்ட் கேட்டுக்கொண்டிருந்தார், மழை கூரையில் விழுவதைக் கேட்பதுபோல.

அப்போது ஹாஜியார் தன் அரைகுறைச் சிங்களத்தில் தானே பேசினார். "சேர், என்ட கையில சுடுங்க. ஓட்டை விழுந்தா ஜீப்பில ஏறுறேன். விழாட்டிப் போங்க."

நெஞ்சுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையைக் குறுக்காக விரித்துக்கொண்டு விறாந்தையின் ஒரு கோடியில் போய் நின்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. நான் தடுக்க வாய் திறந்தேன். எந்த விதியைச் சொல்லித் தடுப்பது என்று தெரியவில்லை. சார்ஜன்ட் மறு கோடியில் நின்று சுருள்வில்லை இறுக்கி, தொலைநோக்கியில் கண்ணை வைத்து, நிதானமாகக் குறி பார்த்துச் சுட்டார்.

'டப்' என்று ஒரு சிறு சத்தம். கை அப்படியே இருந்தது. ஹாஜியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "யா அல்லாஹ்!" என்று துள்ளினார்.

வெள்ளை மணி சீமெந்துத் தரையில் உருண்டு சார்ஜன்டின் சப்பாத்தடியில் வந்து நின்றது. பனியனைத் தூக்கிப் பார்த்தோம். தொப்புளுக்கு மேலே நுளம்பு கடித்த மாதிரி ஒரு சிவப்பு.

சார்ஜன்ட் குனிந்து அந்த உயரமான பிடியைப் பார்த்தார். கண் மேலே, குழல் கீழே. தூரத்துக்குச் சரிசெய்த தொலைநோக்கி கிட்டத்தில் அந்த இடைவெளியளவு தாழச் சுடும். அவருக்குப் புரிந்தது. சிரிக்கத் தொடங்கினார். சிப்பாய்களும் சிரித்தார்கள்.

"முதலாளி, கிட்டச் சுட அந்த முள்தான் நல்லது," என்றார்.

ஹாஜியார், வயிற்றைத் தடவிக்கொண்டே, ஜீப்பின் கதவு இன்னும் திறந்திருப்பதையும் மறந்து, என் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா ஐயா? நான் எத்தன நாளாச் செல்றேன்!"

துவக்கு சுவருக்குத் திரும்பியது. தொலைநோக்கியை மட்டும் சார்ஜன்ட் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஹாஜியாருக்குப் பதிலாக அது போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த கிழமை வடக்கே போவதாகச் சொன்னார். கடல்நீரேரி ஓரத்தில் ஒரு காவலரண். நாள் முழுவதும் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும், பார்க்க ஒன்றும் இருக்காது. இதன் வழியாகப் பார்த்தால் ஒரு கொக்காவது தெரியும் என்றார். இடத்தின் பெயரையும் சொன்னார்.

அது என் ஊருக்கு எதிர்க்கரை.

மனைவி அன்று சமைக்கவில்லை; ஹாஜியார் வீட்டிலிருந்து ரொட்டியும் சம்பலும் வந்தன. அதன் பிறகும் மாலைகளில் இரண்டு கதிரைகளும் இருந்தன. முள்ளையும் பிளவையும் ஒன்றாக்கி ஹாஜியார் மதிலில் குந்தும் குரங்குகளை முன்பைவிட நன்றாகவே அவமானப்படுத்தினார். யானை மறுபடியும் சாம்பல் நிறமாயிற்று.

எனக்கு ஊர்ப்பாசம் அதிகம் கிடையாது. வடக்குக்குப் பாதை திறந்திருந்த நாட்களில் லீவு கிடைத்தும் போகாதவன். ஆனாலும் பிளேன்டீ ஆறிக்கொண்டிருக்க, அந்தக் கதிரையில் கண் சொருகும்போது ஒரு வட்டம் தோன்றும். அதற்குள் ஆழமில்லாத தண்ணீர், ஒற்றைக் காலில் ஒரு கொக்கு, அப்பால் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பனைகள். யாரோ ஒருவரின் களைத்த கண்ணால் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். இடது மூலையில், தலைமயிர்போல, அந்தக் கீறல் இருக்கும்.