உப்பு ஏரியின் இளஞ்சிவப்பு

துனிஸ் நகரத்துச் சந்து ஒன்றில், ஜன்னல் வழியே கைநீட்டினால் எதிர்வீட்டுச் சுவர் தட்டுகிற அறையில் அடைந்துகிடந்து, ஓவியர் லாரூசி தன் ஊர் உப்பு ஏரியை மட்டுமே வரைந்துவந்தார். பார்த்தால் ஏரி தெரியாது; வெறும் வண்ணம்தான். கேட்டால், “எனக்கு ஞாபகம் இருக்கறது அந்த நிறம்தான்யா!” என்று எரிந்து விழுவார்.

ஊரிலிருந்து பேரீச்சங்குலையோடு வந்த தங்கை மப்ரூக்கா புதுப் படத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏண்ணே, வரைய வேற எதுவும் கெடைக்கலியா? போயும் போயும் எதிர்வீட்டுச் சுவரா?”

“கண்ணு அவிஞ்சுபோச்சா? நம்ம ஏரிடி. இந்தக் கோடு, ஏரிக்குக் குறுக்கே போற ரோடு.”

“ரோடா? குழாய் ஒழுகின கறைண்ணே. நேத்து ஏரியைப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறினேன். இந்த நிறமே இல்ல.”

லாரூசி வெளியே பார்த்தார். காரை உதிர்ந்த இளஞ்சிவப்புச் சுவர், குறுக்கே கறை. ஜன்னலைப் படாரென்று சாத்திவிட்டுப் படத்தின் பக்கம் திரும்பினார். சுவர் வீட்டுக்குள் நின்றது.