பூடான் சிப்பாயின் தோளில் என் மாப்பிள்ளை

போன வருடம் மழைக்காலத்தில் நாமக்கல்லில் இருந்து போர்வெல் குழாய் ஏற்றிக்கொண்டு பூடான் போனேன். மாற்று டிரைவராக வந்தவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். எல்லை தாண்டிய மலைப்பாதையில் மண் சரிந்து, வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன.

மத்தியானம்தான், ஆனாலும் குளிரில் பல் கிட்டியது. எங்கள் ஊர் டிரைவர்கள் ஓட்டலை நம்ப மாட்டோம். அடுப்பு, அரிசி, புளி எல்லாம் வண்டியிலேயே வரும். வெளியில் மழை என்று கேபினுக்குள்ளேயே பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து, கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டோம். சோறு வெந்த பிறகும் கதகதப்பாக இருக்கட்டும் என்று அணைக்கவில்லை. பரமத்தி வெயிலில் வளர்ந்தவனுக்கு, அடைத்த கேபினில் அடுப்புப் புகை ஆளையே கொல்லும் என்று எங்கே தெரியும்! தலை கனத்தது. மாப்பிள்ளையை உலுக்கினேன், அசையவில்லை. கதவைத் தள்ளிக் கீழே விழுந்து கத்தினேன்.

சாலையில் மண் அள்ளிக்கொண்டிருந்த பூடான் சிப்பாய்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் மாப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்தார். தங்கச்சி முகத்தில் எப்படி முழிப்பேன் என்று புலம்பியபடியே பின்னால் தள்ளாடிப் போனேன். முகாமில் ஆக்சிஜன் வைத்தவரைப் பார்த்தால், நம் இந்திய ராணுவ டாக்டர்.

அடுத்த நாட்டில் இவருக்கு என்ன வேலை? மாப்பிள்ளை கண் விழித்து, "ஏனுங் மச்சான், சோறு என்னாச்சுங்க?" என்ற பிறகுதான் அதைக் கேட்கவே எனக்குத் தெம்பு வந்தது.

பக்கத்தில் நின்ற பூடான் அதிகாரி, "சாப்டாச்சா?" என்றார் தமிழில். குன்னூர் பக்கம் ராணுவப் படிப்பு படித்தவராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரைகுறை இந்தியில் அவரைத் துருவித் துருவிக் கேட்டேன். அவர்கள் வீரர்களுக்கு நம்மவர்கள் அங்கே போய்ப் பயிற்சி தருகிறார்களாம். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் அந்த டாக்டர். எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றேன். வடக்கே சீனா பக்கம் கைகாட்டி, அந்த மலையைத் தாண்டி யாராவது இறங்கினால் அடுத்து உங்கள் ஊர்தானே என்று சிரித்தார்.

முன்பெல்லாம் இரு நாட்டு ராணுவம் கூட்டுப் பயிற்சி என்று செய்தி வந்தால் சேனலை மாற்றிவிடுவேன். இப்போது அப்படி முடிவதில்லை. எங்கோ இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி முடித்த ஏற்பாட்டில்தான் என் தங்கச்சி இன்றைக்குப் பூவும் பொட்டுமாக இருக்கிறாள்.