டயருக்குக் காத்தும் என் கிட்னி கல்லும்

நேத்து காலையில, ஒரு பெட்ரோல் ஸ்டேஷன் டாய்லட்ல, என் கிட்னி கல்லு வெளிய வந்துருச்சு!!!

(சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க மன்னிச்சிருங்க.)

கதைய முதல்லருந்து சொல்றேன்.

நான் சிம்பாங் ரெங்கத்துலருந்து செனாய்க்கு கம்பெனி பஸ்ல வேலைக்குப் போறவ. ஹைவேல ரொம்ப நேரம். பஸ்ல டாய்லட் கிடையாது. அதனால காலையில ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன். பஸ்ல வர்ற பொம்பளைங்க முக்காவாசிப் பேரு அப்படித்தான்!

போன மாசம் இடுப்புல பிடிச்சுது பாருங்க ஒரு வலி... ரெண்டு புள்ள பெத்தவ சொல்றேன், பிரசவ வலியே தேவல!

டாக்டரம்மா ஸ்கேன் பாத்தாங்க. "சின்னக் கல்லுதான்மா. தண்ணி நல்லா குடிங்க, தானா வந்துரும். அடுத்த அப்பாயின்மென்ட்டுக்குள்ள வரலன்னா டியூப் விட்டுத்தான் எடுக்கணும்."

எனக்கோ வேலையில இன்னும் கன்பர்ம் ஆகல. டியூப்பு, எம்சின்னு மெடிக்கல் லீவு போட்டு நின்னா வேற ஆள எடுத்துருவாங்க.

மறுநாள்லருந்து கடையில பெரிய கப் ஐஸ் பார்லி, மூணு வேளையும்! பார்லி கல்லக் கரைக்கும்னு சொல்வாங்கல்ல?

மருந்து வாங்கப் போனப்ப டாக்டரம்மாகிட்ட பெருமையா சொன்னேன். தலையில கை வச்சுட்டாங்க.

"அது சீனித் தண்ணிமா! வெறும் தண்ணி குடிங்க. ஒண்ணுக்குப் போறப்ப வடிகட்டி வச்சுப் பிடிங்க, கல்லு கிடைச்சா டெஸ்ட்டுக்குக் கொண்டு வாங்க."

(புது வடிகட்டி வாங்கி வச்சேன். எங்க வீட்டுக்காரரு அதுல தேத்தண்ணி வடிகட்டப் போனாரு. நல்லவேளை, பாத்துட்டேன்!)

பெரிய போத்தல் நிறைய தண்ணி கொண்டு போனேன். ஆனா பஸ்ல குடிச்சு, நடுவழியில முட்டிக்கிட்டு வந்தா? டிரைவரு மலாய்க்காரரு, பாக்சிக்னு கூப்பிடுவோம், எங்கப்பா வயசு. அவருகிட்ட எப்படிக் கேக்குறது? போத்தல மடியில வச்சுக்கிட்டு ஜன்னலையே பாத்துட்டுப் போவேன்.

ஒரு நாள் பாதி வழியில பாக்சிக் பெட்ரோல் ஸ்டேஷன்ல நிறுத்திட்டாரு. டயர்ல காத்து பத்தலயாம். விட்டேன் ஓட்டம், டாய்லட்டுக்கு!

மறுநாளும் காத்து பத்தல. அதுக்கு மறுநாளும்!

பக்கத்து சீட்டு செல்விக்கா, "அலமாக், என்னா டயருடி இது? தெனம் ஓட்டையா?"ன்னாங்க.

நானோ, அந்த ஓட்டை நல்லா இருக்கட்டும் சாமின்னு வேண்டிக்கிட்டு, தைரியமா தண்ணி குடிக்க ஆரம்பிச்சேன்.

நேத்து அங்கதான்... சுருக்குன்னு ஒரு வலி. வடிகட்டியில பாத்தா, எள்ளு மாதிரி கறுப்பா ஒண்ணு. இத்துனூண்டு நீயா என்னை இந்தப் பாடு படுத்துன!

ஓடி வந்து பஸ் படியிலயே கத்திட்டேன்: "பாக்சிக்! பத்து சுடா கெலுவார்!"

செல்விக்கா அலறிட்டாங்க. "பத்து கல்லாடி?!"

(ஒண்ணுதான்க்கா! கல்லு வெளிய வந்துருச்சுன்னு சொன்னேன். மலாய்ல கல்லுக்கு பத்துதானே!)

பாக்சிக் சிரிச்சாரு. "அல்ஹம்துலில்லா! அப்ப நாளையிலருந்து டயருக்குக் காத்து வேணாம், தங்கச்சி."

அட, இத்தனை நாளும் டயர் நல்லாத்தான் இருந்திருக்கு!

"எப்படித் தெரியும் பாக்சிக்?"

அவரு மலாய்ல சொன்னது இதான்: "பெரிய போத்தல் கொண்டு வர்றே, மூடியே தொறக்க மாட்டேங்குற. எனக்கும் கல்லு இருந்துச்சு. பஸ் ஓட்டுறவன் எவன் நேரத்துக்கு ஒண்ணுக்குப் போறான்? நீ கேக்க மாட்டேன்னு தெரியும்."

அழுதுட்டேன் லா. என் பேருகூட அவருக்குத் தெரியாது. அத்தனை பேரு முன்னால என்னைக் கூச்சப்பட விடாம, பழிய டயர் மேல போட்டிருக்காரு மனுஷன்.

அப்பதான் செல்விக்கா எந்திரிச்சாங்க. "பாக்சிக், காத்த மட்டும் நிறுத்திராதீங்க! நாங்களும் இப்பதான் தண்ணி குடிக்கப் பழகியிருக்கோம்!"

பின்சீட்டுலருந்தெல்லாம் ஆமா, ஆமான்னு ஒரே சத்தம்!

நேத்து சாயந்தரமே கல்ல டாக்டரம்மாகிட்ட கொண்டுபோய்க் குடுத்தேன். மறுபடி ஸ்கேன் பாத்துட்டு, டியூப் தேவையில்லன்னுட்டாங்க. எம்சியும் எடுக்கல, வேலையும் போகல!

தெரிமா காசே, பாக்சிக், ரொம்ப நன்றி. நீங்க நல்லா இருக்கணும்.

இன்னிக்குக் காலையிலும் பஸ் நின்னுச்சு.

டாய்லட் க்யூல நான்தான் கடைசி!!