லைட்டு வைக்கிற அம்மா

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் பின்பக்க அறையில் நான் பிசியோதெரபி பார்க்கத் தொடங்கியபோது இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. அறையில் ஒரு கட்டில், இரண்டு தலையணை, ஒரு ஃபேன். அவ்வளவுதான். வருகிறவர்கள் வாசலில் நின்று உள்ளே நாலு பக்கமும் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

“மிஷினு எங்கம்மா கீது?”

மிஷின் இல்லை, கையால்தான் செய்வேன் என்பேன். அப்படியென்றால் எண்ணெய் போட்டு உருவுவேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அதுவும் இல்லை என்றதும் முகம் தொங்கிவிடும்.

நான் சென்னையில் வேலை பார்த்த இடத்தில் கற்றுக்கொண்ட முறை அது. வருஷக்கணக்காக வலிக்கிற தசை தூக்கத்திலும் இறுகியே இருக்கும். அதை அமுக்கினால் பயந்து இன்னும் இறுகும். அதனால் கையையோ காலையோ கீழிருந்து தாங்கிப் பிடித்து, வலி வருவதற்கு முன்பே நிறுத்திக்கொண்டு, மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இனி யாரும் இழுக்கப்போவதில்லை என்று தசைக்கே தெரிந்த பிறகு அது தானாக இளகும். பார்க்கிறவர்களுக்கு நான் ஒன்றுமே செய்யாத மாதிரிதான் இருக்கும். நெல் மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருவர் இருபது நிமிஷம் படுத்திருந்துவிட்டு எழுந்து, “எப்பம்மா ஆரம்பிப்ப?” என்று கேட்டார். வீட்டுக்குப் போய் அழலாமா சிரிக்கலாமா என்று தெரியாமல் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மளிகைக்கடை அக்கா வந்தார். பஜார் தெருவில் அவர் வீட்டுக்காரர் கடை வைத்திருந்தார். ஊரே அவரை ‘பாய்’ என்று கூப்பிடும். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பருப்பு, மிளகு, சீரகம் எல்லாவற்றையும் வீட்டில் வைத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மெழுகுவத்தி நெருப்பில் காட்டி ஒட்டுவது அவர் வேலை. மத்தியானம் முழுக்க அதேதான். வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் உயரத்தில் நின்றது, யாரோ காதில் ரகசியம் சொல்ல இழுத்துப் பிடித்த மாதிரி.

“ஆறு வருசம் ஆவுதும்மா. ஊசி போட்டாச்சு, கட்டுப் போட்டாச்சு. தல பின்ன கை பின்னாடி போவல. எம்பொண்ணுதான் பின்னி வுடுது. ராத்திரி எந்தப் பக்கம் பட்த்தாலும் பேஜார்தான்.”

புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்கே இடது கையைத்தான் நீட்டினார். படுக்க வைத்து வலது கையை முழங்கையிலும் மணிக்கட்டிலும் தாங்கிப் பிடித்தேன்.

“கைய எங்கிட்ட குடுத்துடுங்கக்கா. நீங்க தூக்காதீங்க.”

“குடுத்துட்டனே.”

என் கைகளை மெல்ல எடுத்துக்கொண்டேன். அவர் கை விழவில்லை. நான் விட்ட இடத்தில் அந்தரத்தில் அப்படியே நின்றது. அவரே அதைத் திரும்பிப் பார்த்து, “அய்ய, இன்னாம்மா இது?” என்றார்.

அதுதான் அவர் நோய். கையைக் கீழே வைக்க அவருக்குத் தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே உற்சாகம். இவரை என்னால் சரிசெய்ய முடியும் என்று நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? மூன்று நாள் வந்தார், நான்காம் நாள் வரவில்லை. அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் பாயோடு காஞ்சிபுரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒளியவெல்லாம் இல்லை.

“அங்க கரண்ட் வெக்கிறாங்களாம்மா. நீ சின்னப் பொண்ணு, நல்லாத்தான் பண்ற. ஆனா சும்மா ஆட்டிக்கினே கீறியே, அதான்.”

திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் எனக்கு இடம் கொடுத்தவர், எங்கள் அப்பாவுக்குத் தெரிந்தவர்.

“இன்னாம்மா, ஆளே காணோம்? நான் சொல்றத கேளு. ஒரு லைட்டு வாங்கிப் போடு. செகப்பா எரியுமே, அது. ஜனங்களுக்குக் கண்ணால பாக்க எதுனா வேணும்.”

“அதுக்கும் நான் செய்யறதுக்கும் சம்பந்தமே இல்லைங்கண்ணா.”

“சம்பந்தம் இல்லாட்டி போவுது. வாங்கிப் போடு.”

ஒரு மாதம் முறைப்பாக இருந்தேன். பிறகு சென்னைக்குப் போய் வாங்கி வந்தேன். நீளமான காலில் நிற்கிற, சூடு கொடுக்கும் சிவப்பு விளக்கு. எரியவிட்டால் அறை முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். வாசலில் நின்று பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். பத்து நிமிஷம் லைட், அரை மணி என் கை. லைட் எரியும்போது பயபக்தியோடு கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் கையைத் தொட்டதும் கண்ணைத் திறந்து பாலாற்றில் தண்ணீர் வந்த கதை பேசுவார்கள். அந்த விளக்கை நான் தினமும் துணியால் துடைத்தேன், தினமும் வெறுத்தேன்.

மளிகைக்கடை அக்காவும் வந்தார். காஞ்சிபுரத்துக்குப் பத்து நாள் அலைந்ததில் பஸ் கம்பியைப் பிடித்துப் பிடித்துத் தோள் மோசமாகியிருந்தது.

“இப்ப இங்கயே லைட்டு கீதாமே?”

“இருக்குக்கா.” வேறு என்ன சொல்வது?

வாரம் மூன்று நாள் வந்தார். சூடு பட்டதும் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது என்பதை நான் மறுக்க முடியாது. ஆனால் தோள் இறங்கியது என் கையில்தான். அவர் கையின் கனம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக என் உள்ளங்கைக்கு வந்தது. ஒரு நாள் கால்வாசி, இன்னொரு நாள் பாதி. பிறகு கடை ஞாபகம் ஏதாவது வந்தால் சட்டென்று திரும்ப எடுத்துக்கொண்டுவிடுவார்.

மாதத்துக்கு ஒரு நாள் எங்கள் ஊரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. அக்கா ஒரு முறை அந்த நாளில் வந்துவிட்டார். பாய் வாசலில் இறக்கிவிட்டுச் செங்கல்பட்டுக்கு சரக்கு எடுக்கப் போய்விட்டார்.

“லைட்டு எரியாதா? அப்ப நா போறேம்மா.”

“படுங்கக்கா. கைப் பயிற்சி மட்டும் செய்யறேன்.”

“லைட்டு இல்லாம இன்னா பிரயோஜனம்?”

“வெயில் எப்படி அடிக்குது பாருங்க. நடந்தா போவீங்க? கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போங்க.”

வெயிலுக்குப் பயந்துதான் படுத்தார். ஃபேன்கூட ஓடவில்லை. கதவைத் திறந்துவைத்து, நடுவில் திரை கட்டினேன். பேசாமல் முக்கால் மணி நேரம் அந்தக் கையை அசைத்தேன். தோள்பட்டைக்கு அடியில் ஒரு கையை வைத்து, மூச்சு போகிற வேகத்திலேயே தூக்கி, இறக்கி, தூக்கி, இறக்கி. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, திடீரென்று முழுக்கையும் என் கையில் வந்து விழுந்தது. ஈரத்துணி மாதிரி அவ்வளவு கனம். அக்கா லேசாகக் குறட்டை விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுந்து உட்கார்ந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பின்னல் அவிழ்ந்திருந்தது. எதையோ சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டார். போட்டு முடித்தது அவருக்கே தெரியவில்லை.

“அக்கா! இப்ப இன்னா செஞ்சீங்க?”

கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். அவிழ்த்தார். மறுபடி போட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

“அல்லாவே! பாத்தியாம்மா, அந்த லைட்டு எம்மாம் வேல செஞ்சிகீது!”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. “லைட்டே இல்லக்கா இன்னிக்கு! கரண்டே இல்ல! நான் ஒருத்திதான் இருந்தேன்!” என்று கத்திவிட்டேன். மருந்துக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா பதறவில்லை. எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்: “முந்தாநாள் வெச்ச சூடு உள்ள இருக்கும்லம்மா. நீ இன்னிக்கு ஆட்டி வுட்ட, அது வெளிய வந்துச்சி.”

தண்ணீர் குடித்தேன். அவருக்கும் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். “வெயிலு இல்ல? கோவம் வரும்” என்று என் கன்னத்தைத் தடவிவிட்டு வீட்டுக்குப் போனார், தலையில் தானே போட்ட கொண்டையோடு.

அதன் பிறகு பஜார் தெருவிலிருந்து பெண்கள் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். எல்லாரும் மருந்துக்கடையில் வழி கேட்டது ‘லைட்டு வைக்கிற அம்மா’ எங்கே என்றுதான். ஒரு முறை வீம்புக்காக விளக்கை வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். வந்தவர்கள், “ரிப்பேரா? சரியானதும் வரோம்” என்று போய்விட்டார்கள். ஐந்தாம் நாள் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். தோற்றது நான்தான்.

இரண்டரை வருஷத்தில் எனக்குச் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அறையை மூடினேன். அங்கே பெரிய மிஷின்கள் இருந்தன. காலையில் வரிசையாகப் படுக்க வைத்து ஒயரை ஒட்டி நேரக் குமிழைத் திருப்பிவிட வேண்டியதுதான். ஒருவர் கையைத் தாங்கிப் பிடிக்க யாருக்கும் நேரம் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. வலி குறைந்ததா என்று கேட்டால் “பரவால்ல” என்பார்கள். அதே ஆட்கள் மறு மாதமும் வருவார்கள்.

ஒரு நாள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் மளிகைக்கடை அக்காவைப் பார்த்தேன். வலது தோள் நேராக இருந்தது. அந்தக் கையில்தான் பை வைத்திருந்தார்.

“இது நல்லா கீதும்மா. இப்ப இடது பக்கம் புடிச்சிக்கிச்சு. ஒங்க ஆஸ்பத்திரியில பெரிய மிஷினு கீதாமே? அதுல வெச்சா போயிடுமா?”

“அங்க வேணாங்கக்கா. ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்கு வாங்க. நானே பாக்கறேன்.”

“வூட்ல லைட்டு கீதா?”

“இல்ல. வித்துட்டேன்.”

“அவரக் கேட்டுட்டு வரேம்மா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் கோரைப்பாய் விரித்து, தலையணை போட்டு, காலை பத்து மணியிலிருந்து காத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். பாயைச் சுருட்டி வைத்தேன்.