நாற்பத்தொன்றுக்கும் நானே

நான் படித்த அரசு சட்டக் கல்லூரியின் பெயர் வேண்டாம். கோவைப் பக்கம் என்பது போதும். அங்கே முதல் வகுப்பில் எடுக்கும் வருகைதான் நாள் முழுவதற்கும். எடுப்பவர் சாட்சியச் சட்டம் நடத்தும் பேராசிரியர். குனிந்த தலை நிமிராமல் எண்களை மட்டும் வாசிப்பார். சாட்சிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்க்க மட்டும் ஏன் வலிக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் எண் நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று என் அறைத்தோழி. சேர்ந்த புதிதில் பத்து நாள் ஒழுங்காக வந்தாள். பிறகு சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் பகல் வேலை கிடைத்தது. அதை விட்டால் படிப்பையும் விட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான் என்ற நிலைமை அவளுக்கு.

"இன்னைக்கு ஒரு நாளு மட்டும் எனக்குஞ் சேர்த்துச் சொல்லிப்போடு கண்ணு" என்றாள்.

அந்த ஒரு நாள் ஐந்து மாதம் நீண்டது. நாற்பத்தொன்றுக்குக் கீச்சுக்குரலில் ஒரு 'உள்ளேன் ஐயா', அடுத்த நொடியே நாற்பத்திரண்டுக்கு என் சொந்தக் குரலில் இன்னொன்று. நான் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. மழைக்கு வகுப்பறை ஒழுகி, எங்களைப் பழைய கட்டடத்து மாடிக்கு மாற்றியபோது பெஞ்சு தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. காய்ச்சலோடும் போனேன். நான் போகாவிட்டால் இரண்டு பேருக்கல்லவா ஆப்சென்ட் விழும்.

தேர்வுக்கு முன் பட்டியலை ஒட்டினார்கள். நாற்பத்தொன்று எழுதலாம். நாற்பத்திரண்டுக்கு வருகை போதாது.

ஆபீசுக்கு ஓடினேன். கிளார்க் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஏனுங் அம்மணி, நீங்க காலேஜுப் பக்கமே வரலியாட்டங்குது?" என்றார்.

"தெனமும் வந்தேனுங்க."

"அப்பப் பட்டியல் பொய் சொல்லுதுங்களா?"

எங்கள் ஊரில் கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். திட்டியிருந்தால்கூடத் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன்.

அடுத்து பேராசிரியர். ஐந்து மாதத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரே கொரலு ரெண்டு தடவ கேட்டுதுன்னா ரெண்டாவத அடிச்சுப்போடுவனுங்க அம்மணி. இத்தன வருசமா அதுதான் என்ர வழக்கம்."

"ரெண்டாவதுதானுங்க சார் நானு."

"அப்ப மொதல்ல சொன்னது ஆருங்க? அதச் சொல்லிப்போட்டா இத மாத்திப்போடறேன்."

பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார். வாயைத் திறந்தால் என் எண் உள்ளே வரும், அவள் எண் வெளியே போகும். பெருந்துறைத் தொழிற்பேட்டையில் மில் வேலை பார்க்கும் அப்பா நினைவுக்கு வந்தார். எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் தோட்டத்து வேலையை விட்டு வெளியே வந்த முதல் ஆள் அவர், சட்டம் படிக்க வந்த முதல் ஆள் நான். 'என்ர புள்ள வக்கீலு' என்று மில் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

ஆனாலும் "தெரியலீங்க சார்" என்றேன்.

மூடியை மாட்டினார். அவ்வளவுதான், ஐந்து மாதம் போயிற்று. படியிறங்கும்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த தோழி, பன்னைக் கடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"எம்பேரச் சொல்லிப்போட்டிருக்கலாமல்ல?"

சொல்லியிருக்கலாம். அதை அவளே இவ்வளவு லேசாகச் சொன்னதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் அவளே சொல்வாள் என்று இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் என் சாட்சியச் சட்ட நோட்டைக் கேட்டாள். கொடுத்துத் தொலைத்தேன்.

தேர்வன்று தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வா என்றாள். அதற்கும் போனேன். எனக்கெல்லாம் ரோஷம் எங்கே இருக்கிறது? கேட்டைத் தாண்டியதும் என் கையைப் பிடித்தாள்.

"எந்தப் பக்கம் போகோணும்?"

ஐந்து மாத வருகை உள்ளவளுக்குத் தேர்வு நடக்கும் சொந்த வகுப்பறைக்கு வழி தெரியவில்லை.

"பழைய கட்டடம். மாடி. எடப்பக்கம் மூணாவது ரூமு. கொழாய்ப் பக்கத்துப் படி பூட்டியிருக்கும், அந்தப் பக்கமாச் சுத்திப் போ."

நாலு எட்டு வைத்தவள் திரும்பி, "நீ வரலியா?" என்று கேட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. அவள் மேல் பாதி, என் மேல் பாதி.

அவள் படியேறி மறைந்ததும் போன் அடித்தது. அப்பா. அவரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"உள்ள போயிட்டியா கண்ணு?"

"போயிட்டனுங்கப்பா" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. நாற்பத்தொன்றுக்குச் சொல்லும் அதே குரல்.