ஒரே பீரோவில் இரண்டு ரிவால்வர்கள்

கிளியனூரில் எங்கள் வீட்டு பீரோவில் இரண்டு ரிவால்வர்கள் உண்டு. ஒன்று என் கணவருடையது, மற்றது அவர் அண்ணனுடையது. இரண்டுக்கும் லைசென்ஸ் இருக்கிறது. ஒரே கம்பெனி, குண்டின் அளவுதான் வேறு. ஆயுதபூஜைக்கு எண்ணெய் போடும்போது என் கணவர் ஒருமுறை வீட்டார் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இதோட சிலிண்டர் அதுல உக்காரும். ஆனா மாத்திப் போட்டா அவங்கவங்க குண்டு சேராது, சுடாது."

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் கொல்லையின் கிணற்றுக்காக அண்ணனும் தம்பியும் "சுட்டுடுவேன்" என்று கத்திக்கொண்ட அன்றே சிலிண்டர்களை மாற்றி வைத்தேன். அண்ணனின் மனைவியான என் மூத்த ஓரகத்தியிடம் சொல்லவில்லை. சண்டையை மூட்டிவிடுவதே அவர்தான் என்று நினைத்து, பேச்சையே நிறுத்தியிருந்தேன்.

தேர்தல் வந்தது. தேர்தல் முடியும்வரை துப்பாக்கிகளை ஒப்படைத்துவைக்க அண்ணனும் தம்பியும் திண்டிவனம் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள். தனியாக அனுப்பப் பயந்து நானும் ஓரகத்தியும் கூடவே போனோம். சிலிண்டரிலும் துப்பாக்கியின் நம்பர் இருக்கும். மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கு வியர்த்தது.

போலீஸ்காரர் பிரித்துப் பார்த்தார். "ரெண்டுலயும் நம்பர் கரெக்டா இருக்குதுங்க" என்றார்.

வெளியே வந்ததும் ஓரகத்தி என் கையைப் பிடித்தார்.

"அவங்க கத்திக்கினு இருந்தத பாத்து பயந்து, மறுநாளே சிலிண்டர மாத்தி வெச்சேன்டி. எப்படி சரியாச்சு?"

"நான் மொத நாளே மாத்திட்டேங்க்கா."

அத்தனை நாளும் இரண்டும் சுடத் தயாராகவே இருந்திருக்கின்றன. நாங்கள்தான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம்.

தேர்தல் முடிந்து இப்போது துப்பாக்கிகள் மறுபடி பீரோவில். ஸ்டேஷனில் நம்பர் பார்த்ததைக் கண்டபின் மறுபடி மாற்ற எங்களுக்குத் துணிவில்லை. அக்காவும் நானும் பேசிக்கொள்கிறோம். தூக்கம்தான் வருவதில்லை.